இடது பெடல்

இடது பெடல் அசைய மறுத்தது. மாட்டுக் கொட்டகைத் தூணில் சைக்கிளைச் சாய்த்து வைத்துவிட்டு, செல்வகுமாரி ஸ்பானரை இரண்டு கையாலும் பிடித்துத் தன் பாரம் முழுவதையும் அதன்மேல் இறக்கிப் பார்த்தாள். ஸ்பானர் நழுவி அவள் விரல் முட்டி கிராங்கில் இடித்ததுதான் மிச்சம். வலது பெடல் இரண்டு திருப்பில் கையோடு வந்துவிட்டது. கைப்பிடி, முன்சக்கரம், கூடை, சீட்டு எல்லாம் கழன்று உர சாக்கின்மேல் வரிசையாகக் கிடந்தன. இது ஒன்றுதான் பாக்கி. மணி எட்டைத் தாண்டிவிட்டது. பதினொன்றரைக்குப் புதுச்சேரியிலிருந்து பெங்களூர் பஸ்.

அவள் அம்மா அமுதம் கொட்டகை வாசலில் பழைய புடவை ஒன்றை நீள நீளமாகக் கிழித்துக்கொண்டிருந்தாள்.

"வுட்டுட்டுதான் போயேன்டி. ஓசூர்ல சைக்கிளே விக்க மாட்டானா?"

"விப்பான்மா. இந்தக் கட்ட வெச்ச சைக்கிள எவன் விப்பான்?"

அமுதம் புடவையின் அடுத்த துண்டைக் கிழித்தாள்.

செல்வகுமாரிக்கு இடது கால் இரண்டரை அங்குலம் குட்டை. ஒன்றரை வயதில் வந்த காய்ச்சல் அந்தக் காலை அப்படியே நிறுத்திவிட்டது. நடந்தால் கால் கிலோமீட்டருக்குள் முட்டி வீங்கிக்கொள்ளும். ஆனால் சைக்கிளில் ஏறிவிட்டால் அவளைப் பிடிக்க முடியாது. பாகூரில் சைக்கிள் கடை வைத்திருக்கும் பச்சையப்பன், இடது பெடலின் இரண்டு முகத்திலும் தேக்குக் கட்டையை வைத்து முடுக்கி, மேலே டயர் ரப்பரை அடித்து, பாதம் நழுவாமல் இருக்க ஒரு வாரும் போட்டுக் கொடுத்திருந்தார். மூன்று தடவை உயரம் மாற்றி, நான்காவது தடவை சரியாக அமைந்தது. அதில்தான் எட்டு வருஷம் குருவிநத்தத்திலிருந்து பாகூர்வரை மிதித்துப் போய், சைக்கிளைக் கடையில் விட்டுவிட்டு, சேதராப்பட்டு கம்பெனி வேனில் ஏறினாள். அங்கே மின்விசிறி ரெகுலேட்டருக்கு ஸ்க்ரூ முடுக்குகிற வேலை.

அந்தக் கம்பெனி ஐப்பசியில் மூடிவிட்டது. ஒரு திங்கட்கிழமை வேன் வரவில்லை, அவ்வளவுதான். அதற்கப்புறம் அதே தொழிற்பேட்டையில் மூன்று இடத்தில் வேலை கேட்டாள். ஓரிடத்தில், மேசைக்குப் பின்னால் இருந்தவர் பேனா மூடியைக் கடித்துக்கொண்டே, "அந்தச் செவுரு வரைக்கும் நடந்து காட்டும்மா" என்றார். நடந்து காட்டினாள். சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். மாசி பிறக்கும்போது ஓசூரிலிருந்து கடிதம் வந்தது. போன் உதிரிபாகம் செய்கிற பெரிய கம்பெனி. உட்கார்ந்து பார்க்கிற வேலை. விடுதியும் அவர்களே தருகிறார்கள். மூன்று மாதம் பயிற்சிக் காலம். அதற்குள் மூன்று நாள் தாமதமாக வந்தால் அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுவார்கள்.

கையெழுத்துப் போட அண்ணனோடு போனபோது விடுதியையும் பார்த்துவிட்டு வந்தாள். அறை நன்றாகத்தான் இருந்தது. ஆனால் கம்பெனி பஸ் விடுதிக்கு வராது. மெயின் ரோட்டில் நிற்கும். விடுதியிலிருந்து மெயின் ரோடு ஒன்றே முக்கால் கிலோமீட்டர். அன்றைக்கு அதை நடந்து பார்த்தாள். ஐம்பது நிமிஷம் ஆயிற்று. ஊருக்குத் திரும்பி இரண்டு நாள் முட்டியில் விளக்கெண்ணெய் போட்டுக்கொண்டு படுத்துக் கிடந்தாள். மூன்றாம் நாள் எழுந்து, "சைக்கிளோடதான் போவேன்" என்று சொன்னாள்.

ஆம்னி பஸ்காரர்கள் சைக்கிளை ஏற்ற மாட்டோம் என்றார்கள். பார்சல் ஆபீஸில் போட்டால் போய்ச் சேர நாலு நாள் ஆகும் என்றார்கள். திங்கட்கிழமை காலை ஐந்தே முக்காலுக்கு அவள் மெயின் ரோட்டில் நிற்க வேண்டும். இன்றைக்கு ஞாயிறு.

கையைப் புடவைத் துண்டில் துடைத்துக்கொண்டு பச்சையப்பனுக்குப் போன் போட்டாள்.

"அண்ணே, லெஃப்ட்டு பெடலு வரவே மாட்டேங்குது. துருப் புடிச்சிக்கிச்சி போல."

"எந்தப் பக்கம் திருப்பற?"

"எப்பவும் போலதான். எல்லா நட்டும் கழட்டற மாதிரி."

"போச்சி! நீ கழட்டல, நல்லா முறுக்கிக்கினு இருக்க. லெஃப்ட்டு பெடலுக்கு மட்டும் மரை எதிர்ப்பக்கம்மா. அப்பிடியே மாத்தித் திருப்பு."

"இத நேத்தே சொல்லக் கூடாதாண்ணே?"

"எட்டு வருஷமா ஸ்க்ரூ போட்ட பொண்ணு, ஒனக்குத் தெரியாதா இன்னான்னு நெனச்சேன்."

மாற்றித் திருப்பினாள். முதலில் ஒன்றும் இல்லை. இரண்டாவது தடவை கிறீச்சென்று ஒரு சத்தம் வந்தது. அப்புறம் பெடல், கட்டையும் வாருமாக, அவள் மடியில் வந்து விழுந்தது. அமுதம் முதல் தடவையாகச் சிரித்தாள்.

உதிரிபாகங்களைப் பிரித்து அடையாளம் வைப்பது கம்பெனியில் பழகிய வேலைதான். எந்தத் துண்டு எதோடு சேரும் என்று நகப்பூச்சால் புள்ளி வைத்தாள். கைப்பிடிக்கு ஒரு புள்ளி, சீட்டுக்கு இரண்டு, பெடலில் இடதுக்கு மூன்று. கழற்றிய நட்டு, வாஷர் எல்லாவற்றையும் எவர்சில்வர் டப்பாவில் போட்டு மூடினாள். டயரில் காற்றைப் பாதி இறக்கினாள். இரும்பு இரும்போடு உரசும் இடங்களில் அம்மா கிழித்துக் கொடுத்த புடவைத் துண்டைச் சுற்றினாள். வில்லியனூரில் சைக்கிள் விற்கிற கடையிலிருந்து அண்ணன் அருள்முருகன் முந்தின நாள் வாங்கி வந்த அட்டைப்பெட்டி திண்டாட வைத்தது. புதுச் சைக்கிளுக்கென்று செய்த பெட்டி, பழைய கேரியர் அதற்குள் அடங்கவில்லை. கடைசியில் அமுதம் பெட்டியின்மேல் ஏறி உட்கார்ந்துகொள்ள, செல்வகுமாரி டேப்பைப் பல்லால் கடித்துக் கடித்து ஒட்டினாள்.

அருள்முருகன் பக்கத்து வீட்டு லோடு ஆட்டோவைக் கேட்டு ஓட்டி வந்தான். பெட்டியைப் பின்னால் போட்டுக் கயிறு கட்டினான். அவன் சட்டையில் கரும்புச் சோகை ஒட்டியிருந்தது. கரும்பை வெட்டச் சொல்லிச் சர்க்கரை ஆலையிலிருந்து கட்டிங் ஆர்டர் நேற்றுதான் வந்தது. வெட்டுகிற ஆள் கரும்புக் கொல்லையில் இறங்கிவிட்டது. இன்றைக்கு லாரியில் ஏற்றாவிட்டால் வெட்டிப் போட்ட கரும்பு காய்ந்து எடை குறைந்துவிடும்.

வண்டி பாகூர் ஏரிக்கரையைத் தாண்டியது. தவளக்குப்பம் கூட்டுரோட்டில் நெரிசலில் வண்டி நின்றது.

"கட்டிங் ஆர்டரு மட்டும் வரலன்னா நானே கூட வந்திருப்பேன்" என்றான் அருள்முருகன், முன்னால் நின்ற பஸ்ஸையே பார்த்துக்கொண்டு.

"தெரியும்ணா."

"முடியலன்னா வந்துடு. யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

"ம்."

"பஸ்ல ஏத்த மாட்டேன்னா சண்ட போடாத. போன் பண்ணு."

பஸ் ஸ்டாண்டில் பெட்டியையும் அவள் துணிப்பையையும் இறக்கிவைத்துவிட்டு அவன் உடனே திரும்ப வேண்டியிருந்தது. வண்டி வெளியே போகும்போது கண்ணாடி வழியாகக் கையைக் காட்டினான். மணி பத்தே முக்கால்.

பெங்களூர் பஸ் பதினொன்று பத்துக்கு வந்து நின்றது. கண்டக்டர் ஐம்பது வயதுக்காரர். சட்டைப்பை மேல் சாமிநாதன் என்று பெயர் தைத்திருந்தது. பெட்டியைப் பார்த்ததும் நின்றார்.

"இது இன்னாம்மா, கட்டிலா?"

"சைக்கிளுங்க. கழட்டிக் கட்டிட்டேன். லக்கேஜ் சீட்டு போட்டுக்கறேன்."

"சைக்கிளா? அட போம்மா. ஞாயித்துக்கெழம கூட்டம். ஆளு நிக்கவே எடம் இருக்காது."

"உள்ள வேணாங்க. டிக்கில வெச்சிக்கலாம்."

"இவ்ளோ பெரிய பொட்டி எந்த டிக்கிலம்மா போவும்? நீயே பாரு." கோபத்தில் டிக்கியைத் திறந்தே காட்டிவிட்டார். "போவுமா? நீயே சொல்லு, போவுமா?"

செல்வகுமாரி பார்த்தாள். பெட்டி நாலரை அடி. டிக்கியின் வாய் மூன்றரை அடிக்குச் சற்றுக் கூட. ஆனால் உள்ளே ஆழம் இருந்தது. ஸ்டெப்னி டயரும் ஒரு வாளியும் தவிர வேறொன்றும் இல்லை.

"எப்ப எடுப்பீங்க?"

"பதினொன்ர."

"பின்வீலயும் கழட்டிட்டா போவும்ங்க."

அவர் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். காலையில் ஒட்டிய டேப்பைச் சாவியால் கிழித்தாள். பெட்டியைப் பிளந்து சைக்கிளை வெளியே இழுத்தாள். பக்கத்தில் வேர்க்கடலைக் கூடை வைத்திருந்த கனகாம்பாள் என்கிற அம்மாள் கூடையை நகர்த்திக்கொண்டு இடம் விட்டாள்.

"இன்னாத்துக்கும்மா இந்தப் பாடு?"

"நாளைக்கு வேலைக்குப் போவணுங்க" என்றாள் செல்வகுமாரி, தலை நிமிராமல்.

பின்சக்கர நட்டு இரண்டும் இறுக்கமாக இருந்தன. வலது காலை நீட்டி ஃப்ரேமை மிதித்துக்கொண்டு ஸ்பானரை இழுத்தாள். ஒன்று வந்தது. அடுத்ததும் வந்தது. செயினைத் தள்ளிவிட்டுச் சக்கரத்தை உருவினாள். சுடிதாரின் வெள்ளைத் துப்பட்டாவில் கறுப்பாகக் கிரீஸ் ஏறியது. நாளைக்குப் போட வைத்திருந்ததில்லை, போகட்டும். முன் ஃபோர்க்கைப் பின்பக்கமாகத் திருப்பினாள். அரை அடி குறைந்தது. கேரியரைக் கழற்றினாள். சுற்றிலும் ஏழெட்டுப் பேர் கூடிவிட்டார்கள். ஒருவர் இப்படிப் பண்ணு என்றார், இன்னொருவர் அப்படிப் பண்ணாதே என்றார்.

பின் மட்கார்டு மட்டும் வரவில்லை. அதன் போல்ட்டு துருவில் இறுகிப்போய், ஸ்பானர் பட்டதும் முனை உருண்டுவிட்டது. மட்கார்டு ஃப்ரேமுக்குப் பின்னால் ஒரு முழம் நீட்டிக்கொண்டிருந்தது. மணி பதினொன்று இருபத்தைந்து. டிரைவர் ஏறி உட்கார்ந்து ஹாரனை ஒரு தடவை அடித்தார்.

சாமிநாதன் டிக்கெட் பையைத் தோளில் தள்ளிவிட்டுக்கொண்டு குனிந்தார். மட்கார்டைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார்.

"இது வராதும்மா. ஒடச்சாதான். நீ சொல்லு."

புதுச் சைக்கிள் வாங்கிய அன்றைக்கு அப்பா அந்த மட்கார்டில் சந்தனம் வைத்திருந்தார். செல்வகுமாரி ஒரு மூச்சு இழுக்கிற நேரம் அதைப் பார்த்தாள்.

"ஒடைங்க."

அவர் இரண்டு தடவை மேலும் கீழும் வளைத்தார். மூன்றாவது தடவை தகரம் பட்டென்று கையில் வந்தது. கைப்பிடி, சீட்டு, கூடை, கேரியர், பெடல்களோடு ஃப்ரேமைப் பெட்டிக்குள் இருந்த உர சாக்கில் போட்டுக் கட்டினார்கள். இரண்டு சக்கரத்தையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து இன்னொரு சாக்கில் கட்டினார்கள். கனகாம்பாள் தன் கூடைக் கயிற்றையே அவிழ்த்துக் கொடுத்தாள். டப்பாவில் நட்டைப் போடும்போது செல்வகுமாரி எண்ணிப் பார்த்தாள். பின்சக்கர நட்டு ஒன்றுதான் இருந்தது.

"ஒரு நட்டு காணோம்."

டிரைவர் மறுபடி ஹாரன் அடித்தார். நின்றவர்கள் எல்லாரும் குனிந்தார்கள். செல்வகுமாரி கையைத் தரையில் ஊன்றி பஸ்ஸுக்கு அடியில் பார்த்தாள். வாழைப்பழத் தோல், டீ கப்பு, பஸ் டிக்கெட். நட்டு இல்லை. அந்த நட்டு இல்லாமல் சக்கரம் நிற்காது. ஓசூரில் ராத்திரி எந்தக் கடை திறந்திருக்கும் என்று அவள் யோசிக்கத் தொடங்கியபோது, "இந்தாம்மா" என்று கனகாம்பாள் கடலைக் கூடைக்குள் கையை விட்டாள். கடலைக்கு நடுவே போய்ப் புதைந்திருந்த நட்டை எடுத்து முந்தானையில் துடைத்து நீட்டினாள். கூட்டம் முழுவதும் சிரித்தது. டிரைவர்கூட எட்டிப் பார்த்துச் சிரித்தார்.

ஃப்ரேம் டிக்கிக்குள் சாய்வாக நுழைந்தது. சக்கரக் கட்டு அதன் பக்கத்தில் படுத்துக்கொண்டது. சாமிநாதன் மூடியைச் சாத்தித் தட்டிப் பார்த்தார்.

"ஏறும்மா ஏறு. அட்டப் பொட்டி?"

"எனக்கு வேணாங்க."

"நான் எடுத்துக்கறேன்" என்றாள் கனகாம்பாள். "மழைக்குக் கடலை மேல மூடிக்குவேன். அந்தத் தகரத்தையும் வுட்டுட்டுப் போ, பழைய இரும்புக்காரனுக்குப் போடறேன்."

பஸ் விழுப்புரம் ரோட்டில் திரும்பியது. செல்வகுமாரி விரலில் ஏறிய கிரீஸைத் துப்பட்டா முனையில் துடைத்தாள். வில்லியனூர் கோபுரம் ஜன்னலில் வந்து போனது. லக்கேஜ் சீட்டைக் கிழித்துக் கொடுக்க வந்த சாமிநாதன் அவள் காலைப் பார்த்தார்.

"எங்க எறங்கணும்?"

"ஓசூர்ங்க."

"பஸ் ஸ்டாண்டுக்குள்ள போவாது சில நேரம். ரோட்டுலயே நிப்பாட்டுவாரு. ஒன் சாமான எறக்கற வரைக்கும் வண்டிய எடுக்க வேணாம்னு நான் சொல்லிடறேன். நீ பதறாத."

திருவண்ணாமலையில் யாரோ டிக்கியைத் திறக்கும் சத்தம் கேட்டு எழுந்து நின்றாள். மூட்டை ஏற்றினார்கள், அவ்வளவுதான். செங்கம் தாண்டித் தூங்கிவிட்டாள்.

ஓசூரில் இறங்கும்போது இருட்டிவிட்டது. சாமிநாதனே இரண்டு சாக்கு மூட்டையையும் இறக்கிப் பெட்ரோல் பங்க் வெளிச்சத்தில் வைத்துவிட்டு, ஷேர் ஆட்டோக்காரனிடம் பேசியும் விட்டார். விடுதி வாசலில் அவள் இறங்கும்போது வார்டன் ருக்குமணி பதிவுப் புத்தகத்தை மூடிக்கொண்டிருந்தாள்.

"என்னது இதெல்லாம்?"

"சைக்கிள் மேடம்."

"சைக்கிளா? இங்க யாரும் சைக்கிள் வெச்சுக்கறதில்லையே. ஒருத்திக்கு விட்டா நாளைக்கு நூத்தி நாப்பது பேரும் கேப்பாங்க. எங்கே நிறுத்தறது?"

"வேணாம்னு எதாச்சும் ரூல் இருக்குதா மேடம்?"

"ரூல்னு இல்ல. வழக்கம் இல்ல."

செல்வகுமாரிக்குக் காலைக் காட்டிக் கெஞ்சப் பிடிக்காது. எந்தக் கம்பெனியிலும் அதைச் செய்ததில்லை. சாக்கின் வாயை அவிழ்த்து இடது பெடலை எடுத்து மேசைமேல் வைத்தாள். தேக்குக் கட்டை, டயர் ரப்பர், வார். ருக்குமணி அதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு அவள் கண் மேசைக்குக் கீழே செல்வகுமாரியின் செருப்புக்குப் போய் வந்தது.

"மோட்டார் ரூம் பக்கத்துல வெச்சுக்கோ. நடைபாதையில நிறுத்தாத."

மோட்டார் ரூம் சுவரில் ஒரு குண்டு பல்பு இருந்தது. அதன் கீழ் சாக்கை விரித்தாள். டிக்கியில் கூட வந்த மூட்டையின் பாரத்தில் சக்கரக் கம்பி ஒன்று லேசாக வளைந்திருந்தது. மற்றபடி ஒன்றும் இல்லை. இரண்டு சக்கரத்தையும் பொருத்திச் செயினை ஏற்றினாள். கடலைக் கூடையிலிருந்து வந்த நட்டை முடுக்கினாள். துணி உலர்த்த வந்த இரண்டு பெண்கள் நின்று பார்த்தார்கள். அவர்களில் ஒருத்தி உட்கார்ந்தே விட்டாள். பெயர் ஸ்டெல்லா, ஆரணிப் பக்கம், பத்தொன்பது வயது.

"அக்கா, இதெல்லாம் உனக்கு யாரு கத்துக்குடுத்தது?"

"காலைல கழட்டனேன். இப்ப திருப்பி மாட்டறேன். அந்த பம்ப எடு."

ஸ்டெல்லா காற்றடித்தாள். நகப்பூச்சுப் புள்ளிகளைப் பார்த்துக் கைப்பிடி, சீட்டு, கூடை, கேரியர் எல்லாம் அதனதன் இடத்தில் உட்கார்ந்தன. கடைசியாக இடது பெடல். இந்தத் தடவை யோசிக்க வேண்டியிருக்கவில்லை. மரையை ஒட்டவைத்து விரலாலேயே எதிர்ப்பக்கமாகச் சுற்றினாள். வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தது. ஸ்பானரால் ஒரு முடுக்கு.

விடுதி வாசல் கான்கிரீட்டில் ஒரு சுற்று ஓட்டினாள். இடது பாதம் கட்டையின்மேல் ஏறி, வாருக்குள் நுழைந்து, சரியாக அமர்ந்தது. பிரேக் பிடித்தது. செயின் சத்தமில்லாமல் ஓடியது. இன்னொரு சுற்றும் போனாள். தேவைக்காக இல்லை, சும்மாதான். மாடியிலிருந்து இரண்டு மூன்று பேர் கைதட்டினார்கள். இறங்கியபோதுதான் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்பது நினைவு வந்தது. மெஸ் மூடும் நேரம். ஆறிப்போன சப்பாத்தி ஐந்து தின்றாள். அம்மாவுக்குப் போன் போட்டு, "மாட்டிட்டேன்மா, ஓடுது" என்றாள். அந்தப் பக்கத்தில் அமுதம் அண்ணனிடம் அதையே உரக்கத் திருப்பிச் சொல்வது கேட்டது. அவன், "பிரேக்கு பாத்தாளான்னு கேளு" என்றான்.

திங்கட்கிழமை விடியாத வேளையில், மற்றவர்கள் கிளம்பி பத்து நிமிஷம் கழித்து அவள் கிளம்பினாள். பாதி வழியில் அவர்களைப் பிடித்துவிட்டாள். குண்டும் குழியுமான ரோடு. ஒரு பக்கம் சாக்கடை, ஒரு பக்கம் வேலிக்காத்தான். இருட்டில் போன் வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு ஒரே வரிசையாக நடந்து போகிறார்கள். ஒவ்வொருத்தி தோளிலும் சாப்பாட்டுப் பை, தண்ணீர் பாட்டில், ஸ்வெட்டர். அவள் பெல் அடிக்க, வரிசை ஒதுங்கியது. ஒன்பது நிமிஷத்தில் மெயின் ரோட்டில் இருந்தாள். முட்டியில் வலி இல்லை. டீக்கடைக்குப் பின்னால் சைக்கிளை நிறுத்திப் பூட்டிவிட்டு, பஸ்ஸில் ஜன்னல் ஓரமாகப் பார்த்து உட்கார்ந்தாள். அட்டையைத் தேய்க்கும்போது மிஷின் பச்சை விளக்கைக் காட்டியது. அதைக் கொஞ்ச நேரம் அப்படியே பார்த்துக்கொண்டு நின்றாள். பின்னால் நின்றவள் இடித்தாள்.

புதன்கிழமை ஸ்டெல்லா தன் பையைக் கூடையில் போட்டாள். "அக்கா, இத மட்டும் கொண்டு போயிடு." வியாழக்கிழமை ஆறு பை சேர்ந்தது. அன்றைக்கு ஸ்டெல்லா பஸ் டிரைவரிடம் கேட்டாள், "ஏண்ணா, நீங்க விடுதி வரைக்கும் உள்ள வந்தா என்ன?"

"எனக்கா கஷ்டம்? பெரிய வண்டி உள்ள வந்தா திருப்ப எடம் இல்லன்னு ஆபீஸ்ல எழுதிக் குடுத்துட்டாங்கம்மா."

வெள்ளிக்கிழமை கூடை நிறைந்துவிட்டது. கைப்பிடியில் இரண்டு பக்கமும் நாலு நாலு பை தொங்கின. கேரியரில் அடுக்கிய பைகளை ஸ்டெல்லா பின்னால் நடந்தபடி பிடித்துக்கொண்டு வந்தாள். அவ்வளவு பாரத்தோடு வேகமாக மிதிக்க முடியாது. செல்வகுமாரி கிளம்புகிற நேரத்தை முன்னால் தள்ளி, வரிசையின் நடைக்கு மெதுவாக ஓட்டிக்கொண்டிருந்தாள். கையில் சுமையில்லாத பெண்கள் பேசிக்கொண்டு நடந்தார்கள். யாரோ பாடக்கூடச் செய்தார்கள்.

எதிரே ஹாரன் சத்தம் கேட்டது. விடுதிக்குத் தண்ணீர் கொண்டு வருகிற டேங்கர் லாரி. பத்துச் சக்கரம். எல்லாரும் வேலிக்காத்தான் பக்கம் ஒதுங்கினார்கள். செல்வகுமாரி வலது காலை ஊன்றி, பைகள் முள்ளில் மாட்டாமல் சைக்கிளைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டாள். லாரி குலுங்கிக்கொண்டு கடந்து போனது. தண்ணீர் அவர்கள் கால்மேல் தெளித்தது.

அவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். விடுதி வாசலுக்குப் போன லாரி, பின்னுக்குக்கூட எடுக்காமல், ஒரே வளைப்பில் முழுவதுமாகத் திரும்பித் தொட்டியோரம் நின்றது. அதன் முன்விளக்கு ரோடு நீளத்துக்கும் வந்து அவர்கள் முகத்தில் விழுந்தது. "பெரிய வண்டி திரும்பாதுன்னாங்க" என்றாள் ஸ்டெல்லா. செல்வகுமாரி இடது பாதத்தைக் கட்டையில் ஏற்றி மிதித்தாள். வரிசை அவளோடு நகர்ந்தது. அந்த வெளிச்சத்தில் வரிசையில் நடந்த அத்தனை பேரின் நிழலும் முன்னால் நீண்டு விழுந்தது. நிழல் போய் முடிகிற இடத்தில், மெயின் ரோட்டில், கம்பெனி பஸ் எஞ்சின் ஓட நின்றிருந்தது. உள்ளே விளக்கெல்லாம் எரிந்தது. சீட்டு ஒன்றிலும் ஆளில்லை.